ஏழாம் டோக்கனின் 1960

ஞாயிறு காலை 5.10. சிங்காநல்லூரில் மதுரை வண்டி ஏறினேன். பையில் இரண்டு டப்பா. ஒன்றில் கறுப்புக் கல், ஒன்றில் வெள்ளை. நைலான் ராடில் நானே லேத்தில் அறுத்துத் தேய்த்தவை. வண்டி குலுங்கும்போதெல்லாம் சலசலத்தன. பக்கத்து இருக்கைக்காரர் மாத்திரையா என்று கேட்டார். கல் என்றேன். அதற்கு மேல் அவர் கேட்கவில்லை.

போன காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். கோ என்று ஒரு ஆட்டம். குறுக்கே பத்தொன்பது கோடு, நெடுக்கே பத்தொன்பது. கோடுகள் வெட்டும் இடத்தில் மாற்றி மாற்றிக் கல் வைத்து இடத்தை வளைத்துப் பிடிக்க வேண்டும். ஜப்பான், கொரியா, சீனாவில் இதையே தொழிலாக வைத்திருப்பவர்கள் உண்டு. நான் எட்டாவது படித்தவன். கோவையில் லேத் பட்டறை வேலை. பதினான்கு வருடமாக ஆடுகிறேன். தொழில்முறை ஆட்டக்காரர் ஒருவர் முன்னால் இதுவரை உட்கார்ந்ததில்லை.

அடுத்த மாதம் பெங்களூருக்கு ஒரு கொரியாக்காரர் வருகிறார். ஐந்து பேரோடு ஆடுவார். தமிழ்நாட்டுக்கு ஒரு நாற்காலி. ஆட்டத் திறமைக்குப் போடும் எண் யாருக்குப் பெரிதோ அவருக்கு. என் எண் 1785. பட்டியலில் எனக்கு மேலே ஒரே பெயர்: நூர்ஜஹான், திருத்தங்கல், 1960. ஆட்சேபம் இருந்தால் ஞாயிறு மாலை ஆறு மணிக்குள் எழுதும்படி போட்டி நடத்துபவர்கள் சொல்லியிருந்தார்கள்.

நூர்ஜஹானை எங்கள் பக்கத்தில் யாரும் பார்த்ததில்லை. அச்சாபீஸ் ஊரில் 1960-ஆ என்று எனக்கு இடித்தது.

எண் வரும் வழி எளிது. ஜெயித்தவர் தோற்றவரிடமிருந்து புள்ளி எடுப்பார். பெரிய எண்காரரை ஜெயித்தால் நிறைய, சின்ன எண்காரரை ஜெயித்தால் கொஞ்சம். நாலு பேர் கதவைச் சாத்திக்கொண்டு ஆடினால் அந்த எண் அந்த அறைக்குள்தான் செல்லும். உலகத் தொழில்முறைப் பட்டியலிலேயே எனக்கு இந்தச் சந்தேகம் உண்டு. கொரியாக்காரர் பெரும்பாலும் கொரியாக்காரரோடு ஆடுகிறார். ஜப்பான்காரர் ஜப்பான்காரரோடு. நாடு தாண்டி ஆடுவது கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தை வைத்து எல்லாரையும் ஒரே ஏணியில் நிறுத்துகிறார்கள். ஜப்பானில் டான் என்று ஒரு தரம் வேறு. ஏறினால் இறங்காது. ஆட்டம் போன பிறகும் ஒன்பது டான் ஒன்பது டான்தான்.

10.20. மதுரை ஆரப்பாளையம். நகரப் பேருந்தில் மாட்டுத்தாவணி. அங்கிருந்து விருதுநகர் ஐம்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். 12.05-க்கு இறங்கினேன். எண்ணெயில் பொரித்த பரோட்டா இரண்டு, நாற்பது ரூபாய். வாயில் நொறுங்கியது. மூன்றாவது கேட்கவில்லை. வயிறு நிறைந்தால் கோ வராது.

12.30. சிவகாசி வண்டி. கண்ணாடியில் இடைநில்லா என்று ஒட்டியிருந்தது. சந்தேகப்பட்டுக் கேட்டேன்.

"ஏனுங்க, எங்கயும் நிக்காதுங்களா?"

நடத்துநர் சீட்டைக் கிழித்துக்கொண்டே சொன்னார். "அது போன வண்டில இருந்து எடுத்து ஒட்டுன போர்டுண்ணே. இது எல்லா இடத்துலயும் நிக்கும். உக்காருங்க."

இருபது ரூபாய். ஆமத்தூர் வரை ஐந்து இடத்தில் நின்றது. அதன் பிறகு நான் எண்ணவில்லை. இரண்டு பக்கமும் காய்ந்த நிலம். தள்ளித் தள்ளிப் பட்டாசு ஆலைகளின் சின்ன ஓட்டுக் கட்டடங்கள். ஒன்றில் தீப்பிடித்தால் அடுத்ததற்குப் போகாமல் இருக்க அப்படி. ஞாயிறு ஆனதால் ஆள் இல்லை. ஒவ்வொன்றின் சுவரிலும் உள்ளே எத்தனை பேர் இருக்கலாம் என்று எழுதியிருந்தது. நாலு பேர். அதையும் நான் நம்பினேன் என்று சொல்ல மாட்டேன்.

1.20. திருத்தங்கல். நாள்காட்டி அடிக்கும் அச்சகம். வாசலிலேயே மை வாசனை. வருவதாக முன்பே சொல்லியிருந்ததால் ஞாயிறன்றும் உள்ளே இரண்டு பேர். ஒருவர் மிஷின் ஓட்டும் முருகானந்தம், நாற்பத்தைந்து இருக்கும். இன்னொருவர் நூர்ஜஹான். முப்பது தாண்டியவர், அச்சான தாளில் வண்ணம் சரியா என்று பார்ப்பவர்.

"வாங்கண்ணே. சாப்பிட்டீகளா?" என்றார் நூர்ஜஹான்.

"ஆச்சுங்க."

"ஆட்டம் ஆட வந்தீகளா, ரெய்டு அடிக்க வந்தீகளா? வந்ததுலருந்து செவத்தையே பாக்குறீக."

சுவரில் ஒரு பலகை. பதினோரு ஆணி. ஒவ்வொன்றிலும் பித்தளை டோக்கன், வேலைக்கு வருபவர்கள் எடுத்துப் போகும் வகை. டோக்கனுக்குக் கீழே சாக்பீஸில் பெயரும் புள்ளியும். ஏழாவதில் நூர்ஜஹான், 1960. மிஷின் ஜப்பானிலிருந்து பழசாக வாங்கியது. அதை மாட்ட வந்த ஃபிட்டர் மூன்று வாரம் தங்கி இவர்களுக்கு ஆட்டத்தைக் கற்றுக்கொடுத்துவிட்டுப் போனாராம். சீசன் முடிந்து ஆர்டர் குறையும் மாதங்களில் தினமும் ஆடுகிறார்கள்.

நாலாவது டோக்கனுக்குக் கீழே பெயர் புதிதாக அழித்து எழுதியிருந்தது. புள்ளி மட்டும் பழைய எழுத்து. 1640.

"இதென்னங்க, பேர் மாறியிருக்குது, புள்ளி மாறலை?"

முருகானந்தம் சாதாரணமாகச் சொன்னார். "பழைய ஆளு கோயில்பட்டிக்குப் போயிட்டாக. டோக்கன் புது ஆளுக்கு. புள்ளியும் டோக்கனோடதான."

"புது ஆளுக்கு ஆடத் தெரியுங்களா?"

"வந்து ரெண்டு நாளுதான் ஆகுது. கத்துக்கிருவாக."

"எப்பவுமே இப்படித்தானுங்களா?"

"லாக்கரு, சாவி, புள்ளி, எல்லாம் டோக்கனோடதான் போவும். இல்லாட்டி யாரு கணக்கு வைக்கிறது?"

எனக்குப் புரிந்துவிட்டது. கல் பிடிக்கத் தெரியாதவர் 1640-ஓடு உட்காருவார். எல்லாரிடமும் தோற்பார். அறுநூறு புள்ளி மற்றவர்களுக்குப் போகும். ஆடத் தெரிந்த இன்னொருவர் வேலையை விட்டால் அவர் புள்ளியும் இதே மாதிரி மிச்சமிருப்பவர்களுக்குப் போகும். யாரும் ஏமாற்றவில்லை. ஆனால் எண் வீங்கிக்கொண்டே போயிருக்கிறது.

நாற்காலி எனக்கு என்று அப்போதே நினைத்தேன். ஆட்சேபம் எழுத நாலு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. வந்ததற்கு ஆடிவிட்டுப் போகலாம் என்றேன். மூன்று ஆட்டம் என்று முடிவு.

அவர்கள் பலகை ஆர்ட் கார்டில் அவர்களே அச்சடித்தது. கோடு சுத்தமாக இருந்தது. அவர்கள் கல் அட்டையில் பஞ்ச் அடித்த வட்டம். அதனால் ஆடும்போது மின்விசிறி போடக் கூடாது. என் கற்களை எடுத்து வைத்தேன். நூர்ஜஹான் ஒன்றை விரலில் உருட்டிப் பார்த்தார்.

"முருகண்ணே, ஃபேனப் போடுங்க. ஏழு வருசமா வேத்து வேத்து ஆடியாச்சு."

முதல் ஆட்டம் ஒரு மணி நேரம். நடுவில் என் கல் கூட்டம் ஒன்று வளைபட்டுச் செத்தது. கல்லைக் கீழே வைத்துத் தோல்வியை ஒப்புக்கொண்டேன். இரண்டாவதில் பிடித்த இடத்தை எண்ணியபோது நான் மூன்றரைப் புள்ளியில் ஜெயித்திருந்தேன்.

"இப்பத்தான் மூஞ்சில ஈ ஆடுது" என்றார் முருகானந்தம்.

மூன்றாவதில் இடது ஓரத்தில் நான் வழக்கமாக வைக்கும் கல்லை வைத்தேன். கோவையில் என்னோடு ஆடும் நாலு பேரும் அதற்கு ஒரே மாதிரி பதில் வைப்பார்கள். அதன் பிறகு அந்த ஓரம் எனக்குத்தான். வருடக்கணக்கில் அப்படித்தான். நூர்ஜஹான் பதிலே வைக்கவில்லை. எதிர் மூலைக்குப் போய்விட்டார்.

"இங்க கவனிக்கலீங்களா?"

"கவனிச்சேண்ணே. அது அம்புட்டுப் பெருசில்ல."

பெரிதில்லைதான். எண்ணிப் பார்த்தபோது தெரிந்தது. ஐந்தரைப் புள்ளியில் தோற்றேன். பதினான்கு வருடமாக என் 1785-இல் எவ்வளவு அந்த ஓரத்திலிருந்து வந்தது என்று யோசித்தேன்.

5.35. அலைபேசியை எடுத்தேன். எனக்கு எழுத நேரமாகும். எழுதியதை அனுப்பும் முன் அவர்களிடம் காட்டினேன்: திருத்தங்கல் எண் தவறு. ஆள் மாறினாலும் புள்ளி டோக்கனோடு போகிறது. மூன்று ஆட்டத்தில் நான் இரண்டு தோற்றேன்.

முருகானந்தத்துக்குப் பிடிக்கவில்லை. "இம்புட்டுத் தூரம் வந்து எங்க நம்பரக் கெடுத்துட்டுப் போறீகளே."

நூர்ஜஹான் இரண்டு தடவை படித்தார். பலகையைப் பார்த்தார். "அனுப்புங்கண்ணே. உள்ளதுதான." பிறகு, "உங்க நம்பரு எப்படி வந்துச்சுன்னும் ஒரு வரி போடுங்க. அந்தக் கொரியாக்காரரு நம்பரையும் யாரோ இப்படித்தான் உக்காந்து போட்டுருப்பாக" என்றார்.

என் எண் ஐந்து பேருக்குள் ஆடி வந்தது, அதையும் நம்ப வேண்டாம் என்று சேர்த்து அனுப்பினேன். கற்களை டப்பாவில் போடவில்லை. அங்கேயே விட்டேன்.

"இது எதுக்குண்ணே?"

"ஃபேன் போடறதுக்குங்க."

7.05. விருதுநகர் பேருந்து நிலையம். டீ பன்னிரண்டு ரூபாய். குடிக்கும்போது பெங்களூரிலிருந்து பதில் வந்தது. திருத்தங்கல் எண் செல்லாது. விதிப்படி அடுத்த எண் உங்களுடையது. நாற்காலி உங்களுக்கு. வாழ்த்துகள்.

டீ ஆறும் வரை அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேண்டாம் என்று சொல்ல எனக்கு உடனே மனசு வந்தது என்று எழுதினால் அது பொய். மதுரை வண்டி ஒன்று போயிற்று. ஏறவில்லை. அப்புறம் எழுதினேன்: நான் வரவில்லை. என்னை ஜெயித்தவரைக் கூப்பிடுங்கள்.

மதுரை போகும் அடுத்த வண்டியில் கண்ணாடியில் ஒன்றுமே ஒட்டவில்லை. ஏறினேன். பை லேசாக இருந்தது, சத்தம் இல்லை. கள்ளிக்குடி தாண்டும்போது அலைபேசி அடித்தது. போட்டி நடத்துபவரே பேசினார். நிதானமான ஆள்.

"சரி, அவங்களையே கூப்பிடறோம். ஆனா போஸ்டர்ல பேருக்குக் கீழ ஒரு எண் வேணும். காலைல அச்சுக்குப் போகுது. அந்த 1960 போட முடியாது. நீங்க ஆடிப் பாத்தவர். என்ன போடலாம்?"

வெளியே பார்த்தேன். என்னுடையது 1785. நூர்ஜஹான் ஆட்டத்தில் என்னை விடப் பெரியவர். எவ்வளவு பெரியவர் என்பதற்கு மூன்று ஆட்டம் போதாது. அதையும் நானே நம்பாத என் எண்ணிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

"1850 போடுங்க."

"1850" என்று சொல்லிக்கொண்டே எழுதினார். எப்படி வந்தது என்று கேட்கவில்லை.

போஸ்டர் இந்த வாரம் கோவைக்கு வந்தது. எங்கள் ஆட்டப் பலகைக்கு மேலே ஒட்டியிருக்கிறோம். நூர்ஜஹான், திருத்தங்கல், 1850. மேலே கொரியாக்காரரின் படம். அவர் பெயருக்குக் கீழேயும் நாலு இலக்கத்தில் ஒரு எண் இருக்கிறது. பார்க்கும்போதெல்லாம் அதை யாரிடம் கேட்டுப் போட்டார்கள் என்று தோன்றுகிறது.