கையை எடுங்கள்

அவசரப் பிரிவின் நடைபாதையில் நான் முதலில் பார்த்தது இரத்தத்தை. குழந்தையுடையது என்றுதான் நினைத்தேன். இல்லை, அது அவள் அப்பாவுடையது.

பிற்பகல் மூன்று மணி. குருண் ஊரிலிருந்து குழந்தையின் அம்மா செல்வி காரை ஓட்டிவர, பின்னிருக்கையில் ஆறு வயது மகள் ஜெசிந்தாவை மடியில் அமுக்கிப் பிடித்தபடி வந்திருந்தார் அப்பா அந்தோணி. இரண்டு நாள் காய்ச்சல், பிறகு வலிப்பு. அது நின்றபாடில்லை. தள்ளுபடுக்கையின் கம்பியில் குழந்தையின் குதிகால் மடார் மடாரென்று அடித்துக்கொண்டிருந்தது. அப்போதும் அந்தோணி அவள் கைகளை விடவில்லை. படுக்கையின் மேலேயே ஏறி, இரண்டு தோள்களையும் அமுக்கிக்கொண்டிருந்தார்.

நான் குழந்தைகள் நரம்பியல் மருத்துவர். மலேசியாவின் கெடா மாநிலத்தில் இருபது வருடத்துக்கு மேல் இதே வேலை. எனக்குக் கோபம் அதிகம் என்று தாதிகள் சொல்வார்கள், உண்மைதான்.

"கைய எடுய்யா! புள்ளைய கொல்லப் பாக்கிறியா?" என்று கத்தினேன். நடைபாதையில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"நாக்கக் கடிச்சிக்குவா டாக்டர். அதான் என் வெரல உள்ள வச்சேன் லா," என்றார். வலது கட்டைவிரலில் எலும்பு வெள்ளையாகத் தெரிந்தது.

நடந்தது இதுதான். வலிப்பில் தாடை இறுகி, மகளின் பற்கள் அவர் விரலைக் கவ்விக்கொண்டன. விரலை எடுக்கக் கரண்டிக் காம்பை விட்டு நெம்பியிருக்கிறார். பல் ஒன்று உடைந்து மூச்சுக்குழாய்க்குள் போய்விட்டது. வலிப்போடு போராட வேண்டிய குழந்தை மூச்சுக்கும் போராடினாள். பாவி மனுஷன், பாசத்தால் செய்தார். எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் எல்லாரும் செய்வது இது: நாலு பேர் கைகாலை அமுக்குவார்கள், ஒருவர் வாயில் எதையாவது திணிப்பார்.

பல்லைக் குழாய் விட்டு எடுத்தோம். வலிப்பு மட்டும் எதற்கும் மசியவில்லை. ஸ்டேட்டஸ் (ஐந்து நிமிடத்தைத் தாண்டியும் நிற்காத வலிப்பு) மூளையைத் தின்றுவிடும். அதனால் மருந்து கொடுத்து அவளை ஆழ்மயக்கத்தில் வைத்தோம். மூளைக்காய்ச்சல் (கிருமியால் மூளை வீங்குவது) என்று உறுதியானது. மருந்தைக் குறைத்தால் இ.இ.ஜி. திரையில் (மூளையின் மின்னோட்டத்தை வரைந்து காட்டுவது) கோடுகள் மறுபடி வெறிகொண்டு எகிறின. ஒருமுறை. இன்னொரு முறை.

"பொழச்சிருவாளா டாக்டர்?" என்று செல்வி கேட்டாள்.

"தெரியலம்மா," என்றேன். உங்களிடமும் உங்கள் மருத்துவர் இப்படிச் சொல்லக்கூடும். வெறுத்துவிடாதீர்கள், அந்த வார்த்தை எங்கள் தொண்டையையும் அறுக்கும்.

இதற்கிடையில் அந்தோணியின் விரலில் சீழ் பிடித்து, மேல் கணுவை வெட்டி எடுத்தார்கள். கட்டுப்போட்ட கையோடு மகளின் கால்மாட்டில் நின்றார். தினமும் அவருக்குப் பாடம் எடுத்தேன். அமுக்காதே. வாயில் எதையும் வைக்காதே. ஒருக்களித்துப் படுக்கவிடு, தலைக்கடியில் மெத்தென்று ஏதாவது வை, கடிகாரத்தைப் பார். ஐந்து நிமிடம் தாண்டினால் நான் தரும் மருந்தைக் கொடுத்துவிட்டு ஆம்புலன்சைக் கூப்பிடு. பள்ளிப்பிள்ளை மாதிரி ஒப்பிக்கவைத்தேன். முதல் நாள் கத்தியதற்கு ஒருநாள் கூட அவரிடம் மன்னிப்புக் கேட்கவில்லை.

மூன்றாம் முறை மருந்தைக் குறைத்தபோது கோடுகள் அடங்கியே இருந்தன. பத்து நாளாகியிருந்தது. கண் திறந்த ஜெசிந்தாவுக்குப் பேச்சு வர மேலும் சில வாரங்கள் ஆயின. முதலில் கேட்டது குடிக்க மைலோ.

அந்தோணியிடம் சொல்லாத ஒன்று உண்டு. செமிலிங் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள் நான். என் தங்கைக்கு வலிப்பு வரும். அப்பா கால்களைப் பிடிப்பார், அம்மா தலையை. வலது கை எனக்கு. ஒன்பது வயதில் ஒருநாள், உயிரைக் கொடுத்து அமுக்கினேன். அவள் தோள் கழன்ற சத்தம் கேட்டும் விடவில்லை, விட்டால் செத்துவிடுவாள் என்று பயம். இன்றைக்கும் அவளுக்கு அந்தக் கை காதுக்கு மேலே போகாது. வார்டில் நான் கத்துகிற கத்தலெல்லாம் யாரைப் பார்த்து என்று எனக்குத் தெரியும்.

எட்டு மாதம் கழித்து, நன்றி ஜெபம் வைத்து மதியச் சாப்பாட்டுக்கு அழைத்தார்கள். வீடு நிறைய உறவினர்கள். ஜெசிந்தா எனக்கு அப்பளம் கொண்டுவந்தாள். தட்டு விழுந்தது. அவளும் விழுந்தாள்.

உடம்பு வில்லாக வளைந்து தரையில் மோதியது. நாலு பேர் பாய்ந்தார்கள். அவர்களுக்கு முன்னால் பாய்ந்தது நான். அவள் வலது கையை இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்திருந்தேன். ஐயோ, எனக்கு அது தெரியவே இல்லை.

"யாரும் அமுக்காதீங்க!" அந்தோணியின் குரல் வீட்டை உலுக்கியது. "டாக்டர், கைய எடுங்க!"

எடுத்தேன். அவர் மகளை மெல்ல ஒருக்களித்துவிட்டார், சட்டையைக் கழற்றித் தலைக்கடியில் வைத்தார். செல்வி மருந்தை எடுத்துக்கொண்டு வந்து நின்றாள். பிறகு அந்தக் குட்டை விரல் கையை முழங்காலில் ஊன்றி, சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தபடி அவர் உட்கார்ந்துவிட்டார்.

நானும் தரையில் உட்கார்ந்தேன். கைகள் கேட்கவில்லை, மறுபடி அவளைப் பிடிக்கப் போயின. அவற்றைத் தொடைக்கடியில் போட்டு மேலே உட்கார்ந்துகொண்டேன். குழந்தையின் குதிகால் சிமெண்டில் அடித்தது. "ஒரு நிமிஷம்," என்றார் அந்தோணி. இத்தனை வருடத்தில் நான் பார்த்த மிக நீண்ட நிமிடம் அது. இப்படி ஐந்து நிமிடத்தைப் பெற்றோர்கள் கையில் கொடுத்து அனுப்பிக்கொண்டிருந்தேன், அதன் கனம் தெரியாமல்.

குதிகாலின் வேகம் குறைந்தது. நின்றது. ஜெசிந்தா நீளமாக மூச்சு விட்டாள்.

"ரெண்டு நிமிஷம்கூட ஆகல. முடிஞ்சிருச்சு," என்றார் அந்தோணி. மகளின் வாயோரத்தைத் துடைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "எந்திரிங்க டாக்டர். ஒங்க கை மரத்துப்போயிரும்."

அப்போதுதான் கவனித்தேன். இரண்டு கைகளும் மரத்துத்தான் போயிருந்தன. வலது கையைக் காதுக்கு மேலே தூக்கிப் பார்த்தேன். போனது. அங்கேயே, எல்லார் முன்னாலும், தங்கைக்காக அழுதேன்.