வெள்ளைப் பட்டையில் நின்ற யானை

கோடை பிறந்தால் எனக்குக் காணிப்பாக்கத்தில் வேலை. பிள்ளையார் கோயிலுக்கு வெறுங்காலோடு நடப்பவர்களுக்குப் பாதம் பொரியாமல் இருக்க, தார் ரோட்டின் ஓரமாக கூலிங் பெயிண்ட் அடிப்போம். இரண்டு ஆள் சேர்ந்து நடக்கிற அகலத்துக்கு வெள்ளைப் பட்டை. வெயிலில் குனிந்து அடிப்பவன் நான், நல்ல பெயரெல்லாம் பிள்ளையாருக்கு. அதில் எனக்குக் கொஞ்சம் வயிற்றெரிச்சல் உண்டு.

போன சித்திரையில் ஒரு மத்தியானம், சித்தூர் பக்கமிருந்து ஒரு பாகன் யானையோடு வந்தான். கடைகடையாகக் காசு கேட்டுக்கொண்டே திருப்பதி போகிறானாம். கூட்டத்தைப் பார்த்ததும் தாரில் நிறுத்தினான். யானை முன்கால் ஒன்றைத் தூக்கியது, வைத்தது, மற்றதைத் தூக்கியது. பிள்ளையாரே ஆடுகிறார் என்று ஒரு அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டார். காசு விழுந்தது. நானும் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தேன்.

யானை தும்பிக்கை நுனியால் தாரைத் தொட்டுவிட்டு வெடுக்கென்று எடுத்தது. அப்புறம், முந்தின நாள் நாங்கள் அடித்துக் காய்ந்திருந்த வெள்ளையைத் தொட்டது. அங்கேயே கொஞ்ச நேரம் தடவிக்கொண்டிருந்தது. பிறகு ஒரு காலை அதில் வைத்தது. அடுத்து இன்னொரு கால். அவ்வளவு பெரிய உடம்பைத் திருப்பி, நாலு காலையும் அந்தப் பட்டைக்குள் பிசகாமல் கொண்டுவந்து சேர்த்தது. ஆட்டம் நின்றுவிட்டது. எனக்கு மெய் சிலிர்த்தது. மனுஷனுக்காக அடித்ததை, யாரும் சொல்லாமலே கண்டுபிடித்துவிட்டதே!

பாகன் அதட்டினான், காதைப் பிடித்து இழுத்தான். அது அசையவில்லை. வெயில் தாழும்வரை நிற்கட்டுமே என்று கேட்டேன்.

"சும்மா நின்னுக்கினு இருந்தா யாருண்ணா காசு போடுவாங்க?" என்றான். இப்போதே கிளம்பினால்தான் பொழுதோடு அடுத்த ஊர் சேரலாமாம். உச்சிவெயிலில் தாரிலேயே நடத்தப் போகிறான் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

அந்த நேரம் ஒரு சின்னப்பெண் அம்மாவின் கையை உதறிவிட்டு வெறுங்காலோடு ஓடிவந்தாள். நடு ரோட்டில் சூடு தாங்காமல் கால் மாற்றிக் கால் குதித்து அழுதாள். வெள்ளையில் பாதி யானை, மீதி வேடிக்கை பார்க்கிற கூட்டம். நாங்கள் யாரும் நகரவில்லை. பாகன் வாய் திறக்கவில்லை, குச்சியையும் எடுக்கவில்லை. யானை தானாகவே முன்கால் இரண்டையும் தாரில் இறக்கியது. அந்த இடத்தில் பெண் ஏறி நின்றுகொண்டாள். யானை பழையபடி ஒரு காலைத் தூக்கியது, வைத்தது, மற்றதைத் தூக்கியது.

அழுகை அடங்கியவள் அண்ணாந்து பார்த்தாள்.

"அம்மா, அதுக்கும் கால் சுடுதும்மா."

காசு நீட்டிய ஒருவர் கையை மடக்கிக்கொண்டார். பாகன் தன் ரப்பர் செருப்பில் ஒன்றைக் கழற்றி, வெறும் பாதத்தைத் தாரில் வைத்தான். வைத்த வேகத்தில் எடுத்துவிட்டான். யார் முகத்தையும் பார்க்காமல் யானையின் காதைத் தட்டி, அதை மறுபடி வெள்ளைமேல் ஏற்றினான். பொழுது சாயும்வரை அதன் நிழலிலேயே உட்கார்ந்திருந்தான்.