பாட்டில் வரும் பையன் யார்?

ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸ் நடத்துகிறவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை: பிள்ளைக்கு நாலு வார்த்தை இங்கிலீஷ் வந்துவிட்டால், அன்றைக்கே பெற்றவர்களுக்குச் சந்தேகம் வந்துவிடும். கடத்தூரில் கிளாஸ் வைத்திருக்கும் எனக்கு அந்த வியாதி கொஞ்சம் கூடுதலாகவே ஒட்டிக்கொண்டது.

சனிக்கிழமைப் பாட்டு

சனிக்கிழமையானால் என் கிளாஸில் யாராவது ஒருவர் இங்கிலீஷ் பாட்டு போட்டு, எல்லார் முன்னாலும் தமிழில் அர்த்தம் சொல்ல வேண்டும். பெரும்பாலும் மழை, நட்பு, அம்மா என்று போகும். காலேஜ் கடைசி வருஷம் படிக்கும் நித்யா கொண்டுவந்தது வேறு மாதிரி. பாடுகிறவள் தன் பள்ளிக்கூட நாட்களை நினைத்துப் பார்க்கிறாள். பஸ்ஸில் வரும் பையனைக் கண்டாலும் மனசு துள்ளுகிறது, பக்கத்து பெஞ்சுப் பெண்ணைக் கண்டாலும் துள்ளுகிறது. எது நிஜம் என்று குழம்பித் தவித்து, கடைசியில் இரண்டுமே நிஜம்தான், இதுதான் நான் என்று தெரிந்துகொள்கிறாள்.

முன்வரிசை பிரகாஷ், "பொண்ணுன்னா ஃப்ரெண்டுங்க மிஸ்" என்று திருத்தினான். "இல்ல, ரெண்டுமே காதல்தான்" என்றாள் நித்யா. எத்தனையோ பாட்டு இருக்க இவளுக்கு இது ஏன் கிடைத்தது என்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். "பாட்டுக்குத்தான மிஸ் அர்த்தம் சொல்லச் சொன்னீங்க, எம் மூஞ்சில என்ன தேடறீங்க?"

அப்பாவின் போன்

அடுத்த வாரம் அவள் அப்பா மாதையன் மரவள்ளிக் காட்டிலிருந்து நேராக வந்தார். அவர் நீட்டிய போனில், மகளின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் அதே பாட்டு. பங்காளி வீட்டுப் பையன் எவனோ போட்டுக்கொடுத்திருக்கிறான். நித்யாவுக்கு ஓசூரில் வேலை கிடைத்திருந்த நேரம். லவ்வு கிவ்வு என்று தெரிந்தால் ஓசூர் கிடையாது, தை பிறந்ததும் மாமன் மகனுக்குக் கட்டிவைத்துவிடுவது என்ற முடிவோடு வந்திருந்தார். "ஒரு வரி உடாம சொல்லுங்க மிஸ். பையன் யாருன்னு எனக்குத் தெரியணும்."

ஒரு வரி விடாமல் சொன்னால் அவள் கதி என்ன ஆவது? பையன் பெயரே பாட்டில் இல்லை என்றேன். நம்பவில்லை. பின்னே யாரைப் பற்றித்தான் பாட்டு என்று மடக்கினார். "பாதிப் பாட்டு ஒரு பொண்ணப் பத்திங்க" என்று சொல்லிவிட்டு, அடுத்த கேள்விக்குப் பயந்து நின்றேன். மனுஷர் முகம் அப்படியே தெளிந்துவிட்டது. "பொண்ணுங்களா? அத மொதல்லயே சொல்றதுக்கென்னங்க. ஓசூர்ல அந்த மாதிரி ஒரு புள்ள கூடவே ரூம் புடிச்சுக் குடுத்துட்டா எனக்கும் நிம்மதி."

ஓசூர் பஸ்

நித்யா கிளம்பும் நாளில் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். அப்பா தண்ணீர் பாட்டில் வாங்கப் போன சமயம், அவரைச் சமாளித்த கதையைப் பெருமையாகச் சொன்னேன். ரூம் விஷயம் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

நான் மறுபடி அவள் முகத்தைப் பார்த்தேன். இந்த முறை அவள் கோபித்துக்கொள்ளவில்லை. "என்னப் பத்தித்தான் மிஸ் அந்தப் பாட்டு. மீதிப் பாதிய எங்கப்பாகிட்ட ஒருநா நானே சொல்லுவேன். அன்னிக்கு எங்க வூட்டுக்கு வந்து எம்பக்கத்துல உக்காருவீங்களா, இல்ல அன்னிக்கும் பாதிதானா?"

அப்பா பாட்டைச் சந்தேகப்பட்டார், நான் அவளைச் சந்தேகப்பட்டேன், அவள் என்னைச் சந்தேகப்பட்டாள்; மூன்றில் நியாயமான சந்தேகம் எது என்பது, "வருவேன்" என்று தலையாட்டும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.