வண்டி நிறுத்தக் கூடாது

எங்கள் பக்கத்தில் மாட்டு வண்டிக்கும் வண்டி என்றுதான் பேர், ரயிலுக்கும் வண்டி என்றுதான் பேர். "பகல் வண்டி போயிருச்சா?" என்று கேட்டால் யாரும் மாட்டைத் தேட மாட்டார்கள். அந்த ஒரு சொல்லை நான் தப்பாக அர்த்தம் பண்ணிக்கொண்டதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

யுத்த காலம். எனக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம் இருக்கும். வைக்கோல் பாரம் ஏற்றிக்கொண்டு நானும் என் வீட்டுக்காரரும் திருமயத்துக்குப் போய்க்கொண்டிருந்தோம். வழியில் ரயில் பாதை குறுக்கிடும். கேட்டும் கிடையாது, காவலுக்கு ஆளும் கிடையாது. அங்கே காத்திருந்தால் சைக்கிளில் வந்து சேர்ந்துகொள்வதாக என் அண்ணன் சொல்லி அனுப்பியிருந்தார். சின்ன வயதில் வந்த காய்ச்சலில் அண்ணனுக்குக் காது போய்விட்டது. பக்கத்தில் போய்க் கத்தினால்தான் கேட்கும்.

தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் புதிதாக ஒரு போர்டு நட்டிருந்தார்கள். என் வீட்டுக்காரருக்கு எழுத்து தெரியாது. நான் நாலு வகுப்பு படித்தவள். அந்த மிதப்பு எனக்குக் கொஞ்சம் உண்டு.

"என்னமோ எழுதிருக்காங்களே, வாசி பாப்போம்" என்றார்.

"இங்கே வண்டி நிறுத்தக் கூடாது" என்று வாசித்தேன்.

"நம்ம வண்டியவா சொல்றாங்க?"

"ரயிலுக்காரங்க போர்டு ரயிலுக்குத்தாங்க இருக்கும். டேசன் இல்லாத எடத்துல டிரைவர் நிப்பாட்டிட்டா?" என்றேன்.

என்ன சமர்த்து! அவர் விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன். போர்டை ஒட்டியே வண்டியை அவிழ்த்துப் போட்டார். அண்ணன் கண்ணில் படட்டும் என்று ரோட்டோரமாகவே, தண்டவாளத்துக்குப் பத்தடி தள்ளி. பிறகு மாடுகளை ஓட்டிக்கொண்டு பாதையைத் தாண்டி, அங்கிட்டு இருந்த ஊருணியில் தண்ணீர் காட்டப் போனோம்.

கொஞ்ச நேரத்தில் அண்ணன் வந்தார். வண்டியைக் கண்டு சைக்கிளை மெதுவாக்கியவர், ஊருணிக் கரையில் நின்ற எங்களைப் பார்த்துவிட்டார். அந்த நேரத்தில்தான் ரயில் வந்தது. கூவிக்கொண்டுதான் வந்தது. அவருக்குக் கேட்கவில்லை. ரயில் வந்த திசையை எங்கள் வைக்கோல் முழுக்க மறைத்துக்கொண்டு நின்றது. வராதே, வராதே என்று இரண்டு கையையும் தூக்கி ஆட்டினேன். கூப்பிடுகிறேன் என்று நினைத்துக்கொண்டார். சிரித்துக்கொண்டே வேகமாக மிதித்தார்.

அதற்கு மேல் அந்த இடத்தை எழுத எனக்குக் கை வரவில்லை.

ரயில்வேக்காரர் ஒருவர் வந்து என் வீட்டுக்காரரிடம் சத்தம் போட்டார். "ரோட்டுல வர்றவனுக்கு லைன் ரெண்டு பக்கமும் தெரியணும்னுதான்யா போர்டே வச்சிருக்கு! படிக்கலையா நீ?"

"எனக்குப் படிக்கத் தெரியாதுங்க" என்றார் அவர். என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் மாட்டுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பின்னால் நகர்ந்துகொண்டேன்.

சாவு வீட்டில் அம்மா என் தோளைப் பிடித்து உலுக்கினாள். "ஒனக்குத்தான் படிக்கத் தெரியுமேடி. ஒங்கண்ணுல அந்தப் போர்டு படலையா?"

"நான் பாக்கல ஆத்தா" என்றேன்.

அம்மா நம்பிவிட்டாள். அவள் நம்பாமல் இருந்திருந்தால், நாலு அறை அறைந்திருந்தால், உண்மையைச் சொல்லியிருப்பேனோ என்னவோ. சொல்லவில்லை. மகனைக் கொன்றவர் என்று என் வீட்டுக்காரரைத் தன் வாசல்படி ஏற விடவில்லை அவள். அவரும் அந்தப் பழியைக் கடைசி வரை தானே சுமந்தார். எங்களுக்குள்கூட அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. எனக்கு மட்டும் அம்மா வீட்டில் எப்போதும் இடம் இருந்தது. போகும்போதெல்லாம் பக்கத்தில் உட்கார வைத்து, என் தலையைத் தடவிக்கொண்டே வந்தவர்களிடம் சொல்வாள்:

"எம்மக பாத்திருந்தா, அங்க வண்டிய நிறுத்த விட்டிருப்பாளா?"