லெட்சுமி வாய் மூடிய நாடகம்

றொசல்லப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் லெட்சுமிக்கு வாய் நீளம். ஒப்பாரியிலும் அவளை மிஞ்ச ஆளில்லை. அதனால்தான் யாழ்ப்பாணத்து ஆசிரியர் பேரின்பநாயகம் தன் நாடகத்தில் அவளைத் தாயாக்கினார். பஞ்சம் பிழைக்கக் கடல் கடந்து வந்த குடும்பமொன்று மலையில் சிதறிப்போகும் பழைய சோக நாடகம் அது. கூலிகளை மேய்க்கும் கங்காணி, தாயிடமிருந்து மகளை இழுத்துப்போவான். தாய் கல்லாய் நிற்பாள். கடைசியில் மகள் பிணமாக வருவாள். தாய் ஒப்பாரி வைப்பாள்.

"கங்காணி இழுக்கேக்க நீங்கள் ஒண்டும் கதைக்கக்கூடாது," என்றார் ஒத்திகையில்.

"சரிங்க சார்."

ஞாயிறு பின்னேரம் தோட்டத்து மண்டபம் நிரம்பி வழிந்தது. கங்காணி வேடத்தில் லொறி ஓட்டும் வினோஜன், மகளாக நடித்த பிரியந்தியின் கையைப் பற்றினான். "அம்மா!" என்று அவள் அலறியதுதான் தாமதம்.

"கைய எடுடா! ஒட்டு மீசைய பிச்சு ஒன் கையில குடுத்துருவேன்!" என்று பாய்ந்தாள் லெட்சுமி.

வினோஜனுக்கு வசனம் மறந்துபோனது. "சரிங்க அக்கா, கூட்டிட்டுப் போங்க."

விசில் கூரையைப் பிய்த்தது. மிச்சக் கதைக்கு வழியில்லாமல் ஆசிரியர் திரையை இறக்கினார். சனம் எழும்பவில்லை.

"ஒப்பாரி எங்க சார்? அதுக்குத்தானே வந்தோம்!"

"ஒருத்தரும் சாகேல்லையே!" என்றார் ஆசிரியர்.

"யாரையாவது சாகடிங்க!"

வினோஜன் பெரிய மனசு பண்ணி மேடையில் நீட்டிப் படுத்தான். லெட்சுமி தலைவிரித்து உட்கார்ந்தாள்.

"புள்ளைய இழுத்த கையி
புழுதியில கெடக்குதையோ!
ஒட்டுன மீசை மட்டும்
ஒங்கூட வருகுதையோ!"

பிணத்தின் வயிறு குலுங்கியது.

ஒரு வாரம் ஆசிரியர் அவளோடு பேசவில்லை. ஆனால் அடுத்த மாதம் ஹட்டனில் நாடகம் போட வேண்டியிருந்தது. அவள் குடியிருந்த லயத்துக்கே வந்து நின்றார்.

"இந்தமுறை எனக்காக வாய மூடிக்கொண்டு நில்லுங்கோ அம்மா."

நின்றாள். வினோஜன் இழுக்க, பிரியந்தி மூன்று தடவை "அம்மா" என்று கத்தினாள். லெட்சுமி முந்தானையைப் பல்லில் கடித்துக்கொண்டாள். மண்டபத்தில் பெண்கள் பக்கம் விசும்பல் கேட்டது.

"இதுதான் நாடகம்!" என்றார் ஆசிரியர், கண்ணாடியைத் துடைத்தபடி.

"ஒங்களுக்கு நாடகம் சார். எனக்கு நெஞ்சு அடைக்குது."

திரும்பும் பஸ்ஸில் வினோஜனைப் பக்கத்தில் உட்காரவைத்து, அடக்கிவைத்த வசவையெல்லாம் றொசல்ல வரும்வரை கொட்டித் தீர்த்தாள். இறங்கியதும் அவனுக்கு வடையும் பிளேன்டீயும் வாங்கிக் கொடுத்தாள்.