அம்மாவுக்கு ஊற்றிய பால்

பக்கத்து வீட்டுப் பசுவின் கன்று செத்துப்போனபோது, அதன் தோலில் வைக்கோலைத் திணித்து மடியருகே நிறுத்திவைத்தார்கள். பசு அதை நக்கிக்கொண்டே பால் சுரந்தது. அந்தப் பால்தான் எங்கள் வீட்டுக்கும் வந்துகொண்டிருந்தது. அன்றைக்குப் பாலை விட்டதுதான். கறி, முட்டை, மீன் எல்லாம் அதற்குப் பின்னாலேயே போயிற்று.

அம்மாவுக்கு முதலில் கோபம். "பால்ல என்னடி உசுரு இருக்கு?" என்று கேட்டுவிட்டுப் பல நாள் பேசாமல் இருந்தாள். பிறகு எனக்கென்று தனிக் குழம்பு வைக்கப் பழகினாள். கருவாடு வேண்டுமென்றால் சித்தி வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு, வாயைக் கொப்பளித்துவிட்டு வருவாள்.

வெளியில்தான் விடவில்லை. திருத்தங்கலிலிருந்து பட்டாசுக் கம்பெனிக்குப் போகும் வேனில், "என்னக்கா, சாதி மாறிட்டீகளோ?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். ஒரு மத்தியானம் தூக்குச்சட்டியைத் திறந்தால் சோற்றுக்கு அடியில் கோழி எலும்பு. பேக்கிங் அறையே சிரித்தது. பட்டினியோடு சரவெடிகளைப் பெட்டியில் அடுக்கினேன்.

மதுரையில் என்னைப் போலப் பால்கூடத் தொடாதவர்கள் கூடுகிறார்கள் என்று போனில் பார்த்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினேன். தேங்காய்ப்பால் பாயசம் கொடுத்தார்கள். யாருக்கும் விளக்கம் சொல்லாமல் சாப்பிட்டதில் கண் கலங்கிவிட்டது. அப்புறம் அவரவர் வேலையைச் சொல்லச் சொன்னார்கள். சொன்னேன்.

கூட்டத்தை நடத்தியவரின் முகம் மாறியது. "தீபாவளிக்கு நாயும் பறவையும் படுற பாடு தெரியுமாம்மா? முதல்ல அந்த வேலைய விட்டுட்டு வாங்க. அப்புறம் நம்ம ஆளுன்னு சொல்லிக்கலாம்."

என் பக்கத்தில் இருந்த கல்லூரி ஆசிரியை எழுந்துவிட்டார். "வேலைய விட்டா அவங்க வீட்டுல அடுப்பு எப்படி சார் எரியும்?"

பேச்சு சண்டையாகி, அந்தக் குழுவே இரண்டாக உடைந்தது. நான் எந்தப் பக்கமும் போகவில்லை. ஆசிரியை மட்டும் அடிக்கடி போன் செய்வார்.

போன வருடம் அம்மா படுக்கையில் விழுந்தாள். அவளுக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்த அன்று ஆசிரியையும் பார்க்க வந்திருந்தார். சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக அம்மா வாயில் பால் ஊற்றினார்கள். சித்தி கரண்டியை என்னிடம் நீட்டினாள்.

"இளநி ஊத்தட்டுமா சித்தி?"

"பெத்தவளுக்கு ஒரு வாய் பால் ஊத்த மாட்டியா? சாகக் கெடக்கவகிட்டயுமா ஒன் பிடிவாதம்?"

அம்மா என்னையே பார்த்தாள். வாய் லேசாகத் திறந்தது. ஊற்றினேன். உள்ளே இறங்காமல் கடைவாயில் வழிந்தது. முந்தானையால் துடைத்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் மூச்சு அடங்கிவிட்டது.

வாசலில் நின்றிருந்த ஆசிரியை, கிளம்பும்போது என் கையைப் பிடிக்கவில்லை. "நீங்க ஊத்துவீங்கன்னு நெனைக்கல" என்றார். அதன் பிறகு அவரிடமிருந்து போன் இல்லை. சித்தியோ, துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம், "கடைசியில ஊத்திட்டால்ல, இனிமே எல்லாம் சாப்பிடுவா" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

நான் இன்னும் பாலைத் தொடுவதில்லை. அம்மாவுக்கு ஊற்றியதற்காக வருந்தவும் இல்லை. அவளை நினைத்து அழும்போது, இந்த இரண்டையும் சேர்த்துச் சொல்ல எந்தப் பக்கத்திலும் ஓர் ஆள் இல்லை.