பட்டில் மாட்டிய விரல்

சண்முகவடிவு யாரையும் எதிர்த்துப் பேசியவள் அல்ல. பாண்டி பஜார் ஜவுளிக்கடை ஒன்றில் பட்டுப் பிரிவுக்கு இருந்த ஒரே பெண்பிள்ளை அவள். வெள்ளை விரிப்பில் உட்கார்ந்து புடவையை ஒரே வீச்சில் விரிப்பாள். பழைய மடிப்பு மாறாமல் திரும்ப மடிப்பாள். துண்டு, துவாலை விற்கும் பக்கம் வேலைக்குச் சேர்ந்து, அந்த விரிப்புக்கு வந்து உட்கார ஆறு வருஷம் ஆயிற்று.

அந்த இடத்துக்காக அவள் விட்டுக்கொடுத்ததும் கொஞ்சமில்லை. முந்தானையைத் தோளில் போட்டுக் காட்டும்போது கறை படியும் என்று முதலாளி சொன்னதால், கல்யாண நாள் முதல் பூசிவந்த மஞ்சளை முகத்துக்கு நிறுத்தினாள். முகத்துக்கும் கைக்கும் பயத்தம்மாவுதான். படுக்கும்முன் உள்ளங்கையில் இரண்டு சொட்டுத் தேங்காயெண்ணெய். காலையில் மாவு போட்டுக் கழுவி, பழைய செய்தித்தாளில் கையை அழுத்திப் பார்ப்பாள். தாளில் பசை ஒட்டவில்லை என்றால்தான் மந்தைவெளியில் பஸ் ஏறுவாள். அப்படிக் காத்த கை அது.

எழுபத்துநாலாம் வருஷம் ஆனி மாதம், கடைக்கு மேல்மாடியில் குடியிருந்த முதலாளியம்மா தங்கபுஷ்பம் அவளைக் கூப்பிட்டாள்.

"வடிவு, வேலைக்காரி ஊருக்குப் போயிட்டா. நாலு நாளைக்குக் காலையில வந்து பாத்திரத்தை மட்டும் தேய்ச்சுக் குடுத்துரு. நீ நம்ம ஊர்ப் பிள்ளைதான."

நாலு நாள் இரண்டு மாதமாயிற்று. நம்ம ஊர்ப் பிள்ளை என்ற பாசம் பாத்திரத்தோடு சரி. ஒரு வாய் காப்பிக்குக்கூட அது நீளவில்லை. சோடாப்பொடியும் செங்கல்தூளும் போட்டுத் தேய்க்கவேண்டும். முதல் நாள் கையில் எண்ணெய் தடவிக்கொண்டு உட்கார்ந்தவளை தங்கபுஷ்பம் எழுப்பிவிட்டாள்.

"எண்ணெய்க் கையோட தேய்ச்சா பிசுக்கு எப்படிட்டி போவும்? கழுவிட்டு வா."

கழுவிவிட்டு வந்தாள். ஆடி பிறப்பதற்குள் விரல் ஓரமெல்லாம் வெடித்து, தோல் முள்முள்ளாக நின்றது. உப்புப் பட்டால் உயிர் போகும். ஆடி முழுக்க விரல் படாமல் உள்ளங்கையாலேயே பட்டை விரித்துச் சமாளித்தாள்.

ஆவணி முகூர்த்தத்துக்கு மயிலாப்பூரிலிருந்து விஜயலக்ஷ்மி மாமி பெண்ணுக்குக் கூரைப்புடவை எடுக்க வந்தாள். அரக்குப் பட்டை வடிவு வீசி விரித்தாள். வெடித்த விரல் மாட்டியது. புடவையின் நடு உடம்பில் ஒரு இழை சுருண்டு மேலே வந்துவிட்டது.

முதலாளி சுயம்புலிங்கம் அண்ணாச்சி கல்லாவை விட்டு எழுந்து வந்தார்.

"என்ன வடிவு இது? பொம்பளைக்குக் கையை வச்சுக்கத் தெரியாண்டாமா? ஒரு வாஸலின் வாங்கித் தடவ முடியாதா? நாளையில இருந்து துண்டுப் பக்கம் போயிரு."

நாலு பேர் முன்னால் சொன்னார். ஆறு வருஷம் ஒரு வாக்கியத்தில் போயிற்று.

மாமி அவள் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். "என்னடியம்மா இது, சுண்ணாம்புல முக்கினாப்ல இருக்கு? எங்காத்துல பத்துப்பாத்திரம் தேய்க்கறவ கைகூட இப்படி இல்லையே."

"நானும் பத்துப்பாத்திரம்தான் தேய்க்கேன் மாமி."

சொன்னபிறகுதான் வடிவுக்கே தெரிந்தது, வாய் திறந்துவிட்டது என்று. இனி மூட மனமில்லை. அண்ணாச்சி பக்கம் திரும்பினாள்.

"ரெண்டு மாசமா நீங்க சாப்பிடுற தட்டு என் கையாலதான் விளங்குது அண்ணாச்சி. எண்ணெய் தடவிக்கிட்டுத் தேய்க்கேன்னா மதினி விடல. கோயில்ல மூலவருக்கே எண்ணெய்க்காப்பு சாத்திட்டுத்தான் தண்ணி ஊத்துறாவ. கல்லுக்கு உள்ள மரியாதை தோலுக்கு வேண்டாமா? கை கெட்டது உங்க வீட்டுல, தண்டனை எனக்கா? பாத்திரமும் தேய்க்கணும், பட்டும் மடிக்கணும்னா முருகனைத்தான் வேலைக்கு வைக்கணும். அவனுக்குப் பன்னெண்டு கை. எனக்கு ரெண்டுதான்."

மாமி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அண்ணாச்சிக்குத் தெரியாத சங்கதியா? தினம் காப்பி குடித்துக்கொண்டே, பாத்திரம் தேய்க்கும் வடிவைத் தாண்டித்தானே படியிறங்குவார். தினம் திருநீறு பூசுகிற நெற்றிக்கு அது உறுத்தவில்லை. மாமி பக்கத்தில் நிற்கும்போதுதான் உறுத்தியது.

"சரி சரி. மேல போவாண்டாம். கை ஆறுற வரைக்கும் துண்டுப் பக்கம் இரு" என்றார். அவருடைய நியாயம் அந்த மட்டும் வந்தது.

வடிவு துண்டு மடித்தாள். கையைப் பழையபடி மாவும் எண்ணெயும் கொண்டு கவனித்தாள். பதினான்காம் நாள் யாரையும் கேட்காமல் பட்டுப் பக்கம் வந்து, ஒரு புடவையின் மேல் புறங்கையையும் விரல் ஓரத்தையும் இழைக்கு எதிர்வாட்டில் இழுத்துக் காட்டினாள். எங்கும் மாட்டவில்லை. விரிப்பில் உட்கார்ந்துகொண்டாள். அண்ணாச்சி கல்லாவைப் பார்த்தார். தங்கள் தப்பு என்று ஒரு வார்த்தை, அவரும் சொல்லவில்லை, அவர் வீட்டாரும் சொல்லவில்லை.

ஆனால் மாடியில் தேய்க்கப் பாத்திரம் விழாமலா இருக்கும்? தங்கபுஷ்பம் அதற்குப் பேச்சியம்மாள் என்ற வயசான கைம்பெண்ணைப் பிடித்திருந்தாள். அவள் கை வெடித்தால் எந்தப் பட்டிலும் மாட்டப்போவதில்லை. ஒரு இழைகூடக் கெடாது. ஆகவே யாரும் கேட்கவும் மாட்டார்கள். இதை நினைத்தபோது வடிவுக்குத் தன் கை வெடித்ததைவிட அதிகமாக எரிந்தது.

மறுநாள் காலை, கடை திறக்குமுன், ஒரு சீசாவில் எண்ணெயோடு மாடியேறினாள். தங்கபுஷ்பம் வாசலிலேயே நின்றாள். வடிவு அவளைத் தாண்டிப் பேச்சியம்மாள் அருகில் குந்தினாள்.

"தண்ணியில கை வைக்குமுன்ன இதைத் தடவிக்கோ அக்கா. பிசுக்குப் போவலன்னு மதினி சொன்னா, கீழ பட்டுப் பக்கத்துல வந்து என்னைக் கேக்கச் சொல்லு."

பேச்சியம்மாள் தங்கபுஷ்பத்தின் முகத்தைப் பார்த்தாள். பிறகு சோடாக் கையைச் சேலையில் துடைத்துவிட்டு, உள்ளங்கையை நீட்டினாள்.